அரிதாரமும் மாமையும்

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் சங்க அகப்பாடல்களில் வரும் 'மாமை' என்னும் சொல்லை விளக்கிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி எழுந்து, "கறுப்பான பொண்ணோட கதைன்னு சொல்றாங்க. அதுல நடிக்க ஒரு கறுப்பான பொண்ணு கிடைக்கலையா ஐயா?" என்று கேட்டாள். அவள் கேட்டது பாடத்தைப் பற்றியன்று. அப்போது திருமயத்தில் வீடுதோறும் ஓடிக்கொண்டிருந்த 'பாரதி கண்ணம்மா' தொடரைப் பற்றி. வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று நம்மிடம் விடையும் இல்லை.

அத்தொடர் 2019 இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. 'கறுத்தமுத்து' என்னும் மலையாளத் தொடரின் தமிழ் வடிவம் அது. நிறத்தின் பெயரால் ஒரு பெண் படும் அவமானமே கதை. நோக்கம் நல்லதுதான். ஆனால் கதைநாயகியாக முதலில் நடித்தவரின் முகம் ஒப்பனையால் கருமையாக்கப்பட்டிருந்தது. கறுப்பு நிறத்துக்காகக் கண்ணீர் விடும் கதையிலும் கறுப்பு நிறம் பூசிக் கழுவக்கூடிய ஒன்றாகவே இருந்தது. மாணவியின் மனத்தைத் தைத்தது இதுவே. இவ்வழக்கம் சின்னத்திரையில் பிறந்ததன்று; அதன் வேர் நாடக மேடையில் இருக்கிறது.

திருமயத்திலிருந்துகொண்டு நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் தீரர் சத்தியமூர்த்தியை நினையாதிருக்க இயலாது. 1887 இல் இவ்வூரில் பிறந்தவர் அவர். பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் வேடம் புனைந்து நடித்தவர். கூத்தாடிகள் என்று படித்தவர்கள் இகழ்ந்த காலத்தில், நாடகக் கலைஞர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தவரும் அவரே. பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்குவது மக்களின் மனத்தை ஆளும் என்பதை அவர் அறிந்திருந்தார். சின்னத்திரையையும் அந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

ஒப்பனைக்கு நாம் வழங்கும் 'அரிதாரம்' என்னும் சொல் முதலில் ஒரு மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயர். அதைக் குழைத்து முகத்தில் பூசியதால், காலப்போக்கில் பூசப்படும் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. எண்ணெய் விளக்கிலும் பின்னர் கியாஸ் விளக்கிலும் விடிய விடிய நடந்த நாடகங்களில், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கண்ணும் புருவமும் உதடும் தெரிய வேண்டுமானால் முகம் வெளுத்திருக்க வேண்டும். ஆகவே வெளிர்ப்பூச்சுக்கு அன்று ஒரு தொழிற்காரணம் இருந்தது. மின்விளக்கு வந்ததும் காரணம் போயிற்று, பூச்சு போகவில்லை. வெளிச்சத்துக்காகப் பூசியது அழகின் இலக்கணமாக நிலைத்துவிட்டது.

புதுக்கோட்டைச் சீமையின் கோயில் திருவிழாக்களில் பெரிதும் ஆடப்படும் நாடகம் சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்'. வள்ளி குறவர் குடியில் வளர்ந்தவள், தினைப்புனம் காத்தவள். வெயிலில் நின்று கிளி ஓட்டிய அப்பெண், மேடையில் முகம் வெளுத்துப் பட்டும் நகையுமாக வந்து நிற்பாள். குறவர் பெண் நாயகியானால் அவளுடைய நிறமும் உடையும் மறைக்கப்படும். அவளையே கேலிக்குரியவளாக்க வேண்டுமானால் வேறொரு வேடம் இருந்தது. கரகாட்டத்தோடு சேர்த்து ஆடப்பட்டுவந்த குறவன் குறத்தி ஆட்டந்தான் அது. அதன் கொச்சைப் பேச்சும் ஆபாச அசைவும் தம் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்று குறவர் சமூகத்தார் நெடுங்காலம் முறையிட்டனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்ற அவ்வழக்கைத் தொடர்ந்து, 2023 இல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. குற்றாலக் குறவஞ்சியில் தன் மலையின் வளத்தைச் செருக்கோடு எடுத்துரைத்த குறத்தி, இவ்வாறு தெருவில் கேலிப்பொருளாக நின்றாள். நாயகியோ கேலிப்பொருளோ, இரண்டு வேடங்களிலும் இல்லாதவள் உண்மையான குறவர் பெண்ணே.

மேடையின் இவ்வழக்கத்துக்குப் படக்கருவியும் துணைசெய்தது. வண்ணப்படச் சுருள்களைக் கழுவி அச்சிடும்போது நிறத்தைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவுகோலாக அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் படம் சரி என்று பொருள். அந்த அளவுகோலில் கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழலுருவங்களாயின. குறை அளவுகோலில் இருந்தது. பழி தோலின்மேல் விழுந்தது. மேலைநாட்டுத் தொலைக்காட்சி இதினும் ஒருபடி கீழே இறங்கியது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களாக ஆடிப்பாடிய ஒரு நிகழ்ச்சியை, பிபிசி 1958 முதல் 1978 வரை இருபது ஆண்டுகள் ஒளிபரப்பியது. எதிர்ப்பு எழுந்தபோதும் அது வெறும் கேளிக்கை என்றே பலர் வாதிட்டனர். குறவன் குறத்தி ஆட்டத்துக்கு நம்மூரில் சொல்லப்பட்ட நியாயமும் ஏறத்தாழ அதுவே.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15 அன்று. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் சிவப்பழகுக் களிம்பு இந்தியச் சந்தைக்கு வந்ததும் அதே 1975 இல்தான். இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. 1993 இல் சன் தொலைக்காட்சி வந்தபின் நெடுந்தொடர்கள் பெருகின. அவற்றின் இடைவேளைகளில் களிம்பு விளம்பரங்களும் பெருகின. தொடரில் நிறத்துக்காக அழும் பெண்ணுக்கு விளம்பரம் தீர்வு சொன்னது. 2020 இல் அக்களிம்பு தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறினாலும் திரையின் இலக்கணம் எளிதில் மாறுவதாயில்லை.

அவ்விலக்கணத்தின் விதிகளை யாரும் எழுதிவைக்கவில்லை. பார்ப்பவர் அனைவரும் அறிவர். நாயகியின் முகத்தில் ஒளி நிறைந்திருக்கும். வேலைக்காரியின் முகத்தில் அவ்வளவு ஒளி இராது. அதிர்ச்சியான சொல் ஒன்று விழுந்தால் சிவந்த முகங்களே குளோசப்பில் மும்முறை வந்து போகும். அயல்மாநிலத்து நடிகையின் வெளிர்முகத்துக்குத் தமிழ்ப்பெண் ஒருத்தி திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுப்பாள். அவளுடைய குரல் வேண்டும், முகம் வேண்டா. வட்டிக்கடைச் சேட்டு வந்தால் தமிழைச் சிதைத்தே பேசியாக வேண்டும். முகத்துக்கு அரிதாரம் போல இது நாவுக்கு அரிதாரம்.

விதிவிலக்கு இல்லாமலில்லை. 2021 இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சுந்தரி' தொடரில், இயல்பாகவே கருநிறம் கொண்ட கேப்ரியெல்லா செல்லஸ் கதைநாயகியானார். கிராமத்துப் பெண்ணொருத்தி நிறத்தால் புறக்கணிக்கப்பட்டும் படித்து முன்னேறும் கதை அது. கருமுகம் நாயகியானால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற வாதம் அத்தொடரின் வெற்றியோடு உடைந்தது. ஆயினும் அங்கும் கதையை நகர்த்துவது அவளுடைய நிறமே. கறுத்த பெண் ஒருத்தி, நிறத்தைப் பற்றிய பேச்சே எழாத கதையில், வழக்குரைஞராகவோ கோபக்கார மாமியாராகவோ காதலியாகவோ இயல்பாக வந்துபோகும் நாளைத்தான் நாம் மாற்றத்தின் நாள் என்போம்.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். அன்று அவள் இடைமறித்த பாடத்திலேயே விடை இருந்தது. மாமையை மாந்தளிரின் நிறம் என்றும் கருமை என்றும் உரைகாரர் விளக்குவர். சங்கத் தலைவியின் அழகு அதுவே. தலைவன் பிரிந்தால் அவள் மேனியில் படர்வது பசலை. அதாவது நிறம் வெளிறுதல். நம் முன்னோருக்கு வெளிறுவது நோயாக இருந்தது. பிற்காலத்தில் இவ்வூரின் திருமெய்யம் பெருமாளைப் பாடிய திருமங்கையாழ்வார் உள்ளிட்ட ஆழ்வார்களும் கார்முகில் நிறத்தில்தான் தெய்வத்தைக் கண்டார்கள். கோயிலில் கைகூப்பித் தொழும் நிறத்தை வீட்டுக்கு வந்து திரையில் கண்டதும் குறையென்கிறோம்.

அடுத்த வாரம் இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னோம். அம்மாணவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டுல சரிங்க ஐயா. பொண்ணு பார்க்க வர்றவங்க சங்க இலக்கியமா படிச்சிட்டு வர்றாங்க?" என்றாள். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை. அவர்கள் படித்துவிட்டு வருவதில்லை. முந்தைய இரவு தொடரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.