கிரகணம்: பார்க்காதே என்ற அதிகாரம்

1980 பிப்ரவரி 16. கர்நாடகக் கரையிலிருந்து ஒரிசாக் கரைவரை முழு சூரிய கிரகணம். பிற்பகலில் தெருக்கள் வெறிச்சோடின. ஜனங்களை வீட்டுக்குள் பிடித்துவைக்க தூர்தர்ஷன் சினிமா போட்டது. 'தீட்டு, வெளியே வராதே' என்பது சாஸ்திரத்தின் சொல்லாடல். 'கண்ணு போயிடும், வெளியே வராதே' என்பது விஞ்ஞானத்தின் பெயரில் வந்தது. இரண்டும் கேட்டது ஒரே கீழ்ப்படிதலைத்தான்.

கண் போகும் என்பது பொய்யில்லை. ஆனால் கிரகணத்தன்று விசேஷக் கதிர் எதுவும் கிளம்புவதில்லை. மற்ற நாளில் கண் கூசித் திரும்பிவிடுகிறோம். பாதி மறைந்த சூரியனை உற்றுப் பார்க்கத் துணிகிறோம். விழித்திரைக்கு வலி தெரியாது, சத்தமில்லாமல் கருகும். புகையேற்றிய கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் காப்பாற்றாது. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள வடிகட்டி வேண்டும். முழுதாக மறைந்த சில கணங்களில் மட்டுமே வெறுங்கண் போதும். வளைய கிரகணத்தில் அதுவும் கிடையாது.

1995 அக்டோபர் 24 முழு கிரகணத்தின்போது ராஜஸ்தானிலும் வங்கத்தின் டைமண்ட் ஹார்பரிலும் ஜனங்கள் வடிகட்டியோடு திரண்டார்கள். பதினைந்து வருஷத்தில் சூரியன் மாறவில்லை. பார்க்கும் வழி கைமாறியிருந்தது. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணம் கோவை, திண்டுக்கல் வழியே போனபோதும் கோயில் நடைகள் சாத்தப்பட்டன.

தீட்டுக் கழிக்கும் உரிமை சிலரிடம்தான் இருந்தது. அட்டையில் ஊசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி, தரையில் விழும் பிம்பத்தைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.