உழைப்பவருக்கு ஓட்டு உண்டா? டெபியன் கதை



கட்டற்ற மென்பொருள் என்றாலே அது நிரல் எழுதத் தெரிந்தவர்களின் உலகம் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டிய ஓர் அமைப்பின் வரலாறு இது.

1993 ஆகஸ்ட் 16 அன்று, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். லினக்ஸ் வகை இயங்குதளம் அது. தோழி டெப்ராவின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்துச் சூட்டிய பெயர். பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடிச் செய்யும் வேலை, முதலாளி கிடையாது.

முதலாளி இல்லாத இடத்தில் முடிவெடுப்பது யார்? 1997-இல் பயனர்களுக்கு வாக்குறுதியாக ஒரு சமூக ஒப்பந்தம் எழுதினார்கள். 1998-இல் அரசியல் சாசனமே வகுத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் தலைவர் தேர்தல். வாக்குச்சீட்டில் ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்பதும் உண்டு. நம் நாட்டுக்கு நோட்டா வந்தது 2013-இல்தான்! தலைவரின் முடிவையும் உறுப்பினர்கள் வாக்களித்து மாற்றலாம்.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை. உறுப்பினராகும் வழி, மென்பொருள் பொதிகளைத் தயாரிப்பவர்களை மனத்தில் வைத்தே அமைந்திருந்தது. மொழிபெயர்ப்பவர், கையேடு எழுதுபவர், படம் வரைபவர் ஆகியோருக்குத் தெளிவான வழி இல்லை. உழைப்பு உண்டு, ஓட்டு இல்லை என்ற நிலை.

2010-இல் அப்போதைய தலைவர் ஸ்டெஃபானோ சாக்கிரோலி இதை மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தார். பெரும் ஆதரவோடு நிறைவேறியது. பொதி தயாரிக்காதவர்களும் உறுப்பினராகி வாக்களிக்கலாம். பொதிகளைப் பதிவேற்றும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. அதுவும் நியாயமே, பதிவேற்றும் பொதி எங்கோ ஒருவர் கணினிக்குள் போய் இயங்குகிறது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

சாவி வேறு, ஓட்டு வேறு என்று பிரித்துப் பார்த்தார்களே, அதுதான் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம். பள்ளி ஆய்வகத்தின் சாவி அறிவியல் ஆசிரியரிடம் இருக்கட்டும். அதற்காகப் பள்ளியைப் பற்றிப் பேச மற்றவர்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லலாமா?

டெபியனை நிறுவும்போது வரும் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அந்த வரிகள் தானாகத் தமிழாகவில்லை. யாரோ உட்கார்ந்து எழுதியவை. தமிழோ வணிகவியலோ ஓவியமோ படித்த பிள்ளைகளே, ‘நமக்கு அங்கே என்ன வேலை’ என்று ஒதுங்காதீர்கள். வேலை இருக்கிறது. தொடர்ந்து உழைத்தால் ஓட்டும் இருக்கிறது.