அச்சேறாத தாளம்

இங்கிலாந்தின் 'மிக்ஸ்மேக்' இதழில் 1992 ஜூனில் டாம் ஃபிலிப்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'ப்ரோகிரசிவ் ஹவுஸ்' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. சிகாகோ ஹவுஸ் இசையின் நான்கு தட்டுத் தாளத்தை அடியில் ஓடவிட்டு, அதன்மேல் ஒவ்வோர் ஒலியாக ஏற்றி, எட்டு நிமிடம் பத்து நிமிடம் என்று நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டு, ஆடுகிறவர்களை உச்சத்துக்குக் கொண்டுபோகிற இசை அது. லெஃப்ட்ஃபீல்டின் 'நாட் ஃபர்காட்டன்' (1990) போன்ற அந்தக் காலப் பன்னிரண்டு அங்குலத் தட்டுகளைத் தேடிப் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மறுபதிப்பு வந்தால் வாங்க ஆளும் இருக்கிறது. அந்தத் தேடல் நம் பக்கமும் திரும்பிவிட்டது. இந்தி சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் தாளப் பொறியையும் சிந்தசைசரையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவுசெய்தார். சிகாகோவின் 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளிவந்தது 1987இல்தான். அன்று சீந்துவாரில்லாமல் கிடந்த சிங்கின் தட்டை 2010இல் ஒரு டச்சு நிறுவனம் மறுபடி வெளியிட்டதும் உலகம் வியந்தது. இளையராஜாவின் எழுபதுகளின் கடைசிப் பாட்டுகளையும் எண்பதுகளின் தொடக்கப் பாட்டுகளையும் 'சொல்லச் சொல்ல' என்ற தொகுப்பாகப் போட்டது இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ். எதுவும் தொலைந்துபோவதில்லை, தூசி தட்டி எடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்ற எண்ணத்தை இவை கொடுக்கின்றன. ஒருமுறையாவது அச்சேறிய தட்டுக்குத்தான் அது பொருந்தும். எது அச்சேறியது என்பதைத் தீர்மானித்தது இசையின் தரம் அல்ல, வாசித்தவர்களுக்கு இருந்த இடம் என்று நான் நினைக்கிறேன். அதைப் பார்க்க மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைவிடத் தெளிவான இடம் கிடைப்பது கடினம்.

வில்லியம் கேமரன் அந்த மலையை அளந்து குறித்தது 1885இல். ஆனால் அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காடாகவே கிடந்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டி, சரிவில் வரிசை பிடித்து, கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரப்பர் விலை விழுந்து ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பியனுப்பிக்கொண்டிருந்த மந்தக் காலம் அது. 1938இல் மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஆக இந்த மலையில் தமிழர் குடியேற்றத்தின் முதல் கட்டம் பத்தே ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1931இல் 'காளிதாஸ்' படம் பேசியது. 1933இல் இறந்துபோன கிட்டப்பாவின் குரல் தட்டில் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது. 1937இல் பாகவதரின் 'சிந்தாமணி'யும் 'அம்பிகாபதி'யும் வந்தன. சாவி கொடுத்தால் பாடும் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. கரும்புத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் முன்பே போன தமிழர்களைப் போலன்றி, இந்த மலைக்கு வந்தவர்கள் பதிவான பாட்டு பிறந்துவிட்ட உலகத்திலிருந்து வந்தார்கள். ஆனாலும் அந்தப் பாட்டு ஒரே திசையில்தான் பயணம் செய்தது. சென்னையிலிருந்து தட்டு கடல் தாண்டி மலையேறியது. மலையிலிருந்து ஒரு தாளம்கூட இறங்கவில்லை. கம்யூனிஸ்டுகளை எதிர்த்து மலாயாவில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலத்தில் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் அரசு பொது வானொலிப் பெட்டிகளைக் கொடுத்தது. அங்கேயும் தோட்டத்து மக்களுக்குக் கிடைத்தது கேட்கிற வேலை.

அப்படி இறங்காமல் போனது எது? தோட்டத்து மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் திருவிழா வந்தால் அடிக்கிற மேளம். உறுமியை எடுத்துக்கொள்வோம். இடை சிறுத்து, இரண்டு முகத்திலும் தோல் கட்டிய வாத்தியம். ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி இழுத்துத் தேய்ப்பார்கள். வாத்தியத்துக்குப் பெயர் தந்த உறுமல் அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது. மலைக்காற்றின் ஈரத்தில் தோல் தளரும். பறையாக இருந்தால் நெருப்பில் காட்டிக் காட்டி முறுக்கேற்ற வேண்டும். சாமி அழைக்கும்போது மேளக்காரர்கள் சாமியாடப் போகிறவரைச் சுற்றி நெருங்கி நிற்பார்கள். அடி ஒன்றே போலச் சுற்றிச் சுற்றி வரும்; வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்; அவருடைய கண்ணையும் தோளையும் பார்த்து அடியை மாற்றுவார்கள். அருள் இறங்க எத்தனை நேரம் ஆகுமோ அத்தனை நேரம். கோயில் மேளத்தைக் கொண்டுபோய் ஆட்டக்கூடத்து இசைக்குப் பக்கத்தில் வைப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நோக்கம் வேறு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. நடனக் கூடத்தில் ஆடுகிறவர் தன்னை மறக்கப் போகிறார். இங்கே சாமி வருகிறது, வந்தபின் குறி கேட்கக் கூட்டம் காத்திருக்கிறது. நான் ஒப்பிடுவது காலத்தில் அந்த இசை எடுக்கும் உருவத்தை மட்டும். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு இசையுமே அதற்குள் அடங்காதவை. ஹவுஸ் இசைக்கு அதிர்ஷ்டம், அது பிறப்பதற்கு முன்பே நீளமான ஆட்டப் பாட்டுகளுக்காகப் பன்னிரண்டு அங்குலத் தட்டு வந்துவிட்டது.

அப்படியானால் குற்றம் மூன்று நிமிடத் தட்டின் மேல்தானே, ஆட்கள்மேல் ஏன் பழி என்று கேட்கலாம். இதற்கு நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை பதில் சொல்வார். மணிக்கணக்கில் ஓடும் தோடி ஆலாபனையை அவர் தட்டுக்குள் சுருக்கித் தந்தார். அந்தத் தட்டு கடல் கடந்தும் விற்றது. நாகஸ்வரமும் வெட்டவெளி வாத்தியம்தான், காதைப் பிளக்கும் சத்தம்தான், கோயில் இசைதான். அதற்காக நேரத்தைச் சுருக்கவும் ஒலிவாங்கியைத் தள்ளிவைக்கவும் கம்பெனிகளுக்கு மனம் வந்தது. கர்நாடக இசை, நாடகப் பாட்டு, பக்திப் பாட்டு, பிறகு சினிமா என்று போன தமிழ்த் தட்டுப் பட்டியலில் பறைக்கும் உறுமிக்கும் மட்டும் இடம் வரவில்லை என்றால், காரணத்தைச் சாதியில்தான் தேட வேண்டும். தோட்டத்தில் அதன்மேல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கம்பெனிக்குத் தோட்டத் தொழிலாளி தட்டு வாங்குகிறவன், தட்டில் பாடுகிறவன் அல்ல.

சந்தை சின்னது, யார் வாங்குவார்கள் என்ற இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது போலத் தோன்றும். ஆனால் தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அது உடைந்துபோகிறது. கேமரன் மலையையும் அதைச் சுற்றியுள்ள காடுகளையும் தாயகமாகக் கொண்ட ஓராங் அஸ்லி மக்களில் தெமியார்கள் ஒரு பிரிவினர். பெண்கள் நெட்டையும் குட்டையுமான மூங்கில் குழாய்களைக் கட்டையில் மாறி மாறிக் குத்தித் தாளம் எழுப்ப, பாட்டு வளர்ந்து ஆடுகிறவர் மயக்கநிலைக்குப் போவது அவர்கள் சடங்கு. நியூயார்க்கின் ஃபோக்வேஸ் நிறுவனம் 1955இல் தெமியார் கனவுப் பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்டது. வெளியிட்ட எதையும் விற்பனையிலிருந்து விலக்குவதில்லை என்பது அதை நடத்திய மோசஸ் ஆஷ் வைத்திருந்த கொள்கை. 1987இல் ஸ்மித்சோனியன் அந்த நிறுவனத்தை ஏற்றபோதும் அந்த உறுதி தொடர்ந்தது. ஆகவே அந்தத் தட்டு 'அரியது' ஆகவே இல்லை. வாங்க ஆளில்லாத இசைக்கு உலகத்தில் வழி இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? தெமியார் பாட்டைப் பதிந்தவர்களிடம் எனக்குக் கோபம் கிடையாது, பதிந்தது நல்லது. ஒரே மலையில், மயக்கநிலைக்குக் கொண்டுபோகும் இரண்டு இசைகளில் ஒன்று ஆய்வுப் பொருளானது, மற்றது யார் காதிலும் விழவில்லை. ஆய்வாளருக்குக் காட்டுவாசி அந்த மண்ணுக்குரியவன். தோட்டத்துத் தமிழன் வந்தேறி, அவன் இசையின் 'அசல்' இந்தியாவில் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த 'அசல்' வாதம் படித்த தமிழர்களிடமும் உண்டு. உறுமி ஊரிலேயே இருக்கிறதே, அங்கே பதிவாகியிருக்கிறதே, தோட்டத்து மேளம் அதன் நகல்தானே என்பார்கள். ஊரில் ஒரு மேளம் ஒரு வட்டாரத்துக்குரியது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சேலத்துக்காரரும் திருச்சிக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் வட ஆர்க்காட்டுக்காரரும் அடுத்தடுத்த கதவில் குடியிருந்தார்கள். ஒரே முனியாண்டிக்கு நாலு ஊர்க்காரர் சேர்ந்து அடித்தால், அந்த அடி நாலு ஊரில் எதிலும் இருந்திருக்க முடியாது. அது எப்படி இருந்தது என்று கேட்டறிய இன்று வழியில்லை என்பதுதான் இழப்பின் அளவு. டச்சு ஆய்வாளர் அர்னால்டு பாகே 1938இல் தென்னிந்தியாவில் பதிவுக்கருவியோடு அலைந்தார். 1984இல் நசீர் ஜைரஸ்பாய் குழுவினர் அந்தப் பதிவுகளோடு அதே ஊர்களுக்குப் போய், எது மாறியது, எது நின்றது என்று கேட்டார்கள். கேமரன் மலைக்கு அப்படி எடுத்துப்போக ஒரு பதிவும் கையில் இல்லை.

பிற்காலத்தில் மலேசியாவில் உறுமி மேளக் குழுக்கள் பெருகி, குறுந்தகடு போட்டு, இன்று யூடியூபில் நிறைந்திருக்கின்றன. அப்புறம் என்ன குறை என்பது கடைசி மறுப்பு. அந்தக் குழுக்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தைப்பூசத்தில் வாத்தியம் வாசிக்கச் சிங்கப்பூர் 1973இலிருந்து பல பத்தாண்டு தடை வைத்திருந்த நிலையில், மலேசியாவின் பத்துமலையில் பையன்கள் வட்டம் கட்டி நின்று அடித்தது சாதாரண விஷயமல்ல. சாதிப் பெயர் ஒட்டியிருந்த வாத்தியத்தை இளைஞர்கள் பெருமையோடு தோளில் போட்டுக்கொண்டதும் அவர்களால்தான். ஆனால் அது தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்துக்கு இறங்கிய பிறகு உருவான இசை. ஒலிபெருக்கியும் சினிமா மெட்டும் அதில் ஏற்கெனவே கலந்துவிட்டன. மகனுடைய குரலைப் பதிந்துவைத்துக்கொண்டு அப்பாவின் குரல் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

கேமரன் மலையில் இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் பலர் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களும் வேலை முடிந்து பாடத்தான் செய்வார்கள். 1930களில் தமிழர்களுக்குப் பதிவுக்கருவி கிடைக்கவில்லை. இவர்கள் எல்லோர் பையிலும் கைப்பேசி இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து அவர்கள் திரும்பிப் போகும்போது அந்தப் பாட்டும் அவர்களோடு போய்விடும், அந்த மலையில் யாராவது கேட்டு வாங்கி வைத்தாலொழிய.