புகை போன வழி

பழைய வீட்டைப் புதுப்பிக்க வருகிறவர்கள் டைல்ஸ் என்ன நிறம், குழாய் எந்தக் கம்பெனி என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. கும்பகோணத்தைச் சுற்றி ஓட்டு வீடுகளைச் சீரமைப்பதுதான் என் தொழில். அடுக்களைச் சுவரையும் கொல்லைச் சுவரையும் உடைக்கும்போதெல்லாம், இந்தக் கேள்விக்கு முன்னோர் சொல்லியிருந்த பதிலும் அதை நாம் அடைத்துவிட்ட விதமும் வரிசையாகக் கண்ணில் படும்.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்பது இந்தப் பக்கத்து வீட்டின் அடுக்கு. வாசற்கதவும் கொல்லைக்கதவும் நேர்கோட்டில் இருக்கும். தெருக்காற்று உள்ளே நுழைந்து வீட்டை அலசிக்கொண்டு பின்னால் போய்விடும். சூடேறிய காற்றுக்கு முற்றம் திறந்திருக்கும்.

அடுக்களைக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு. அடுப்புக்கு நேர் மேலே, முகட்டை ஒட்டி இரண்டு மூன்று அடி நீளத்துக்கு ஓடு வேயாமல் விட்டிருப்பார்கள். அந்தத் திறப்புக்கு ஒரு முழம் உயரத்தில் ஒரு குட்டிக் கூரை. பக்கங்களில் இடைவெளி விட்டு மரச்சட்டம். மழை உள்ளே வராது, புகை நிற்காது. இதுதான் புகைக்கூண்டு. அதே அறையின் தரைமட்டத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீர் வெளியேற ஜலதாரை இருக்கும். மேலே புகை ஏறிப்போக, அதன் இடத்தை நிரப்பப் புதுக்காற்று ஜலதாரை வழியாகவும் கதவு வழியாகவும் வரும். மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. காற்றோட்டம் என்பதன் இலக்கணம் அவ்வளவுதான்.

புகையை வீணாக்கவும் இல்லை. விதைக்கு வைத்த சுரைக்காயும் சோளக்கதிரும் அடுப்புக்கு மேலே தொங்கும், பூச்சி அண்டாது. நான் பிரித்த அடுக்களைகளில் புகையேறிக் கறுத்த பனங்கைகள் கூடத்துப் பனங்கைகளைவிட உறுதியாகவே இருந்திருக்கின்றன.

இதைச் சொல்லிப் பழமைக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க மனம் வரவில்லை. புகை கூண்டுக்குப் போகுமுன் அடுப்படியில் ஊதுகுழலோடு குந்தியிருந்த பெண்ணின் கண்ணையும் நெஞ்சையும் தொட்டுவிட்டுத்தான் போயிற்று. விறகு ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா பொறுப்பேற்று நடத்திய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம், வார்தாவில் 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பை உருவாக்கியது இதனால்தான். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய நூல் 1953இல் சென்னையில் வெளியானது. வரிசையாகப் பாத்திரக் குழிகள், கடைசியில் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும் குழாய் என்பதுதான் அந்த வகை அடுப்புகளின் அமைப்பு. மத்திய அரசு 1983இல் புகையில்லா அடுப்பைத் தேசியத் திட்டமாகவே தொடங்கி, 2002 வரை நடத்தியது. குழாயில் கரி அடைத்துக்கொண்டால் தட்டிச் சுத்தம் செய்ய ஆளில்லாமல் பல அடுப்புகள் பழையபடி புகைந்தன.

இதற்கிடையே கூரையும் மாறிக்கொண்டிருந்தது. நாட்டு ஓட்டின் இடுக்குகள் வழியே கூரை முழுவதுமே கொஞ்சம் மூச்சுவிடும். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் சீமை ஓடு பரவியது, இடுக்கு குறைந்தது. கான்கிரீட் தளம் வந்ததும் இடுக்கே இல்லாமல் போயிற்று. புகைக்கூண்டு இருந்த இடத்தில் இப்போது லாஃப்ட்.

கான்கிரீட்டுக்குத் துணையாகக் காஸும் வந்தது. பர்மா ஷெல் 1955இல் பம்பாயில் சிலிண்டர் விற்க ஆரம்பித்தது. இண்டேன் 1965இல் கல்கத்தாவில் வந்தது. நம் ஊர் அடுக்களைகளை அது எட்ட இன்னும் பல வருஷம் ஆயிற்று. புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்றதும் வழி எதற்கு என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். காஸ் எரிந்தாலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். தாளிக்கும் எண்ணெய் ஆவியும் நீராவியும் சுவரில்தான் படியும். இன்னொன்று: சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். பழைய ஜலதாரை இருந்த மட்டத்தில் ஒரு ஜாலி இருந்தால் அது வெளியேறும். சிங்க் மேடைக்கு ஏறியபோது அந்தத் துவாரத்தைப் பூசி மூடிவிட்டோம்.

கழிப்பறையின் கதை வேறு. அது கொல்லைக் கோடியில் இருந்தது. பின்னால் ஒரு சந்து. நாற்றம் வீட்டுக்கு வரக்கூடாது என்பது ஒரு காரணம். எடுப்புக் கக்கூஸை அள்ள வருகிறவர் வாசல் வழியாக வரக்கூடாது என்ற சாதி ஏற்பாடு இன்னொன்று. அந்தக் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வந்ததே 1993இல்தான். செப்டிக் டேங்கும் தண்ணீர் தேங்கும் வளைகுழாயும் வந்த பிறகு கழிப்பறை தைரியமாக வீட்டுக்குள், பிறகு படுக்கையறைக்குள் நுழைந்தது. நாற்றத்தைத் தண்ணீர் தடுத்துவிடும். குளித்த ஈரத்தை எது வெளியேற்றும்? முன்பு குளித்த கிணற்றடியில் வெயிலும் காற்றும் செய்த வேலைக்கு இங்கே ஆளில்லை. சிமெண்ட் ஜாலி வைத்தார்கள். கொசு வருகிறதென்று அட்டையால் அடைத்தார்கள். இன்று நான் பார்க்கும் குளியலறைகளில் பாதிக்கு மேல் கூரை மூலையில் கறுப்புப் பூஞ்சை.

முற்றத்தையும் இப்போது அடைக்கச் சொல்கிறார்கள். போன வருஷம் ஒரு வீட்டில், முற்றத்துக்கு மேல் தளம் போடச் சொன்ன மகனிடம் அம்மா சொன்னார்: "குரங்கு வருதுன்னா கம்பி போடு தம்பி. மூடிட்டா மத்தியானம் உள்ள யாரு இருக்கிறது?" கம்பிதான் போட்டோம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்குக் குறைந்தது 1 சதுர மீட்டர் ஜன்னல் வேண்டும், அது திறந்தவெளியைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது. குளியலறையின் ஒரு சுவராவது வெளிக்காற்றைத் தொட வேண்டும். எழுதாத விதியாகப் பழைய கொத்தனார் செய்ததுதான் இது.

ஆகவே வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள். சிம்னி வாங்கினால் அதன் குழாய் அதிக வளைவில்லாமல் வெளிச்சுவருக்குப் போகட்டும். புகையை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை ஈரத்தையும் சூட்டையும் வெளியேற்றாது. எக்ஸாஸ்ட் ஃபேன் மேலே இருந்தால், எதிர்ப்பக்கம் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி விடுங்கள். உள்ளே வர வழியில்லாத காற்றை எந்த ஃபேனும் வெளியே தள்ளாது. காஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். டைல்ஸ் கடைக்குப் போகுமுன் இன்ஜினீயரிடம் இரண்டு ஓட்டைகளும் எங்கே என்று கேளுங்கள். காட்டத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.