முயலுக்குக் கேரட் மட்டும் ஏன் போதாது? தாடைத் தசை சொல்லும் 25 கோடி ஆண்டுக் கதை

கேமரன் மலையில் ட்ரிங்காப் தாண்டி கம்போங் ராஜா போகிற வழியில் இருக்கிறது கோலா தெர்லா. முட்டைக்கோஸ் தோட்டம், தேயிலைச் சரிவு, ஸ்ட்ராபெரி எல்லாம் பார்த்து முடித்த பிள்ளைகளை முயல் பண்ணைக்குக் கூட்டிப்போனால், திரும்பும்போது காரில் ஒரே கேள்விதான்: "நம்ம வீட்டுலயும் ஒண்ணு வளர்க்கலாமா?" வளர்க்கலாம். ஆனால் கார்ட்டூனில் வருவதுபோல் கேரட்டை மட்டும் நீட்டினால் அந்த முயல் நோயில் விழும். ஏன் என்று புரிய, முதலில் உங்கள் தாடையைத் தொட்டுப் பாருங்கள்.

இரண்டு விரலை நெற்றிப்பொட்டில் வைத்துப் பல்லை இறுகக் கடியுங்கள். உள்ளே ஏதோ புடைக்கும். அதுதான் டெம்போராலிஸ், அதாவது பொட்டுத் தசை. இப்போது விரலைக் காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்துக்கு இறக்கி மறுபடியும் கடியுங்கள். அங்கே கெட்டியாகத் திரள்வது மாசெட்டர், கன்னத் தசை. பாலூட்டிகள் வாயை மூடுவது பெரும்பாலும் இந்த இரண்டாலும், தாடையின் உட்பக்கம் இருக்கும் டெரிகாய்டு தசையாலும்தான். இவற்றில் எது பெரிது என்பதை வைத்தே ஒரு விலங்கு என்ன சாப்பிடுகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பாக்குவெட்டியும் திருகையும்

புலிக்குப் பொட்டுத் தசைதான் ராஜா. தாடை மூட்டும் பல் வரிசையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அதனால் வாய் பாக்குவெட்டி மாதிரி பின்னாலிருந்து முன்னால் வெட்டிக்கொண்டே மூடும். மூட்டும் இறுக்கமானது. மேலும் கீழும் அசையும். பக்கவாட்டில் அதிகம் நகராது. திமிறும் இரையைக் கடித்துப் பிடிக்க இது வசதி.

ஆட்டுக்கு நிலைமை தலைகீழ். அது சாப்பிடுவது ஓடாது, திமிறாது. ஆனால் லேசில் செரிக்கவும் செரிக்காது. இலையின் செல் சுவரை நசுக்கி உடைத்தால்தான் உள்ளே இருக்கும் சத்து கிடைக்கும். அதற்கு வெட்டினால் போதாது, அரைக்க வேண்டும். அதனால் ஆட்டின் தாடை மூட்டு பல் வரிசைக்கு வெகு மேலே ஏறி நிற்கிறது. வாயை மூடும்போது கடைவாய்ப் பற்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சந்திக்கும். கன்னத் தசை பெருத்து, அது ஒட்டிக்கொள்ளத் தாடையின் பின்மூலை அகலமான தகடாக விரிந்திருக்கிறது. பொட்டுத் தசை சுருங்கிப்போனது. மூட்டும் தளர்வானது, பக்கவாட்டில் நகரும். ஆடு அசைபோடுவதை அரை நிமிடம் கவனியுங்கள்: கீழ்த்தாடை ஒரு பக்கமாகப் போய் வளைந்து திரும்பும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை குறுகல் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே அரைக்க முடியும். பாட்டி வீட்டுத் திருகை ஞாபகம் வருகிறதா? யானைக்கு வேறு வழி. அதன் கீழ்த்தாடை முன்னும் பின்னும் நகரும், அம்மியில் குழவி போல.

இது எங்கே தொடங்கியது?

கன்னத் தசை நம் மூதாதையரிடம் முதலிலிருந்தே தனியாக இருந்ததில்லை. தாடையை மூடும் தசைத் தொகுதியிலிருந்து அது பிரிந்து வந்ததைச் சைனோடான்ட் எனும் பழைய விலங்குகளின் எலும்புகள் காட்டுகின்றன. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த திரைனாக்ஸோடான் அவற்றில் ஒன்று. வயது சுமார் 25 கோடி ஆண்டுகள். அதன் கன்ன எலும்பு வெளிப்பக்கம் வளைந்து தசைக்கு இடம் விட்டிருக்கிறது. உள்ளிருந்து ஒரு தசை, வெளியிலிருந்து ஒரு தசை என்று இரு பக்கமும் இழுக்க முடிந்ததால், தாடையை இடவலமாகக் கட்டுப்படுத்தும் வழி பிறந்தது. தசைகள் பல் இருக்கும் எலும்புக்கே இடம் மாற, தாடையின் பின்பக்கச் சிற்றெலும்புகளின் வேலை குறைந்தது. அவற்றில் சில பிறகு நடுக்காதுக்குள் போய்ச் சேர்ந்தன. நீங்கள் இன்று பாட்டு கேட்பதில் ஒரு பழைய தாடைக்கும் பங்கு உண்டு!

1970இல் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் வில்லியம் டர்ன்புல், பாலூட்டிகளின் மெல்லும் தசைகளை எடுத்து ஒப்பிட்டார். பொதுவான அமைப்பு ஒன்று. அதிலிருந்து வெட்டுவது, அரைப்பது, கொறிப்பது என்று மூன்று சிறப்பு வழிகள். அந்தப் பிரிப்பு இன்றும் பாடநூல்களில் வருகிறது.

அரைக்கும் வழிக்குப் பெரிய சோதனை, புல். புல்லில் சிலிக்கா துகள்கள் உண்டு, தரையோடு மேய்வதால் மண்ணும் சேரும், பல் தேயும். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் பகுதியில் சுமார் 80 லட்சம் முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெப்பப் புல்வெளிகள் பரவியதை, அங்கே கிடைத்த விலங்குப் பற்களின் கார்பனே காட்டிக்கொடுக்கிறது. புல்லை நம்பி வாழ்ந்த குதிரை போன்ற இனங்களில் பல் உயரமானது, பெரிய கன்னத் தசைக்கு ஏற்ப தாடை ஆழமானது.

பாண்டா மட்டும் ஏன் வேறு மாதிரி?

சைவமானால் பொட்டுத் தசை சுருங்கியே ஆக வேண்டுமா? இல்லை. 2014இல் சிங் சிங், லியாங் லியாங் என்ற பாண்டாக்கள் நெகாரா மிருகக்காட்சி சாலைக்கு வந்தது நினைவிருக்கலாம். பாண்டா கரடிக் குடும்பம், ஊன் உண்ணிகளின் வம்சம். மூங்கிலுக்கு மாறியபோது கையில் இருந்தது பொட்டுத் தசைதான், அதையே பெருக்கிக்கொண்டது. அந்த உருண்டை முகத்தைப் பார்த்து நாம் 'ச்சோ க்யூட்' என்கிறோம். உள்ளே இருப்பது மூங்கில் தண்டை நொறுக்கும் தசைக் கட்டு.

முள்ளம்பன்றி இன்னும் விநோதம். கொறிக்க முன்பல்லில் பலம் வேண்டும். அதற்காக அதன் கன்னத் தசையின் ஒரு பகுதி கண்ணுக்கு முன்னால் இருக்கும் எலும்புத் துவாரத்துக்குள் நுழைந்து மூக்குப் பக்கம் போய் ஒட்டியிருக்கிறது. அணிலுக்கு அந்த வழி கிடையாது. அதன் கன்னத் தசை எலும்புக்கு வெளியே முன்னேறியது. தேவை ஒன்று, பாதை இரண்டு.

சரி, நம்ம முயல்?

முயல் கொறிக்கும், ஆனால் எலிக் குடும்பம் அல்ல. அதன் பொட்டுத் தசை மிகச் சிறியது. ஏறக்குறைய எல்லா வேலையும் கன்னத் தசைக்கும் டெரிகாய்டுக்கும்தான். கூடவே, முன்பல், கடைவாய்ப்பல் இரண்டும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். நாள் முழுக்கப் புல்லைப் பக்கவாட்டில் அரைத்தால் வளர்ச்சியும் தேய்மானமும் சரியாக இருக்கும்.

கேரட்டும் பெல்லட் தீவனமும் சீக்கிரம் நொறுங்கும். அவற்றைத் தின்னும்போது தாடை பக்கவாட்டில் அகலமாக நகர வேண்டியதில்லை. மெல்லும் நேரமும் குறைவு. தேயாத கடைவாய்ப்பல் ஓரத்தில் முள்போல வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வலியில் முயல் சாப்பிடாது. சாப்பிடாத முயலுக்குக் குடல் நின்றுபோகும். ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

ஆகவே முக்கிய உணவு புல் அல்லது காய்ந்த புல். செல்லப்பிராணிக் கடையில் 'திமோத்தி ஹே' என்று கேட்டால் கொடுப்பாங்க. கேரட் எப்போதாவது ஒரு துண்டு. தாடைக்குக் கீழே ரோமம் நனைந்திருந்தால், உணவை வாயில் எடுத்துக் கீழே போட்டால், சாணம் சிறுத்தால் காத்திருக்க வேண்டாம். முயலைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். கடைவாய்ப்பல்லைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாயை வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.