வாவியின் இரு கரையும் ஒரு மாத்திரையும்

மட்டக்களப்பு வாவி அம்மண்ணை இரண்டாகப் பிரிக்கிறது. ஞாயிறு எழும் கடலோரம் எழுவான்கரை; அது சாயும் வயல்வெளி படுவான்கரை. நெல் விளைவது படுவான்கரையில். பெரியாஸ்பத்திரி இருப்பதோ நகரில். இரத்த அழுத்தம் ஏன் கட்டுக்குள் நிற்பதில்லை என்ற வினாவை இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

நோயாளியின் அசட்டையே காரணம் என்பது எளிதான விடை. வரலாறு அதை ஏற்பதில்லை.

1945இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உயர் இரத்த அழுத்தம் முற்றி, மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். அன்று அவருக்கும் தக்க மருந்து இருக்கவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் சர்ப்பகந்தா மூலிகையின் பயனை உலகுக்கு எடுத்துரைத்தார். 1958இல் குளோரோதயசைட் மாத்திரை வந்தது. இலங்கையிலோ 1951இலேயே அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. ஜனாதிபதிக்குக் கிட்டாத மருந்து கூலியாளுக்கு இலவசமாயிற்று. மக்கள் பெற்ற மகத்தான உரிமை இது.

ஆயினும் இந்நோய் வலிப்பதில்லை. வலியில்லாதவன் நாள் தவறாமல், ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்க வேண்டும். அதற்கு அறுபடாத வாழ்வு வேண்டும். அந்த வாழ்வு இம்மக்களுக்குக் கிடைத்ததா?

1990க்குப் பின் நெடுங்காலம் நகரம் அரச படைகளிடமும் படுவான்கரை விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. 2007வரை வாவியைக் கடப்பதென்றால் சோதனைச் சாவடியையும் கடப்பதே. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுவான்கரையைச் சூறையாடியது. வீடுகளோடு மாத்திரையும் கிளினிக் கொப்பியும் போயின. மண்முனைத் துறையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். அதுவரை ‘பாதை’ எனும் மிதவையே வழி. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது நாடெங்கும் மருந்து தட்டுப்பட்டது. இலவச மாத்திரையை ஏழை கடையில் தேட நேர்ந்தது.

இன்றும் கிளினிக் நாள் என்றால் கூலி இழக்கும் நாள். அறுவடைக் காலத்தில் எவன் போவான்? உப்பைக் குறை என்கிறோம். நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாட்டைத் தொட்டுச் சோறுண்பவனிடம் அதற்கு மாற்றாக எதை வைத்தோம்?

வழி இல்லாமலில்லை. இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் நாடுகளின் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று அழுத்தம் அளந்து, அறிவுரை கூறினர். தேவைப்பட்டோரை மருத்துவரிடம் அனுப்பினர். அங்கெல்லாம் அழுத்தம் கூடுதலாகத் தாழ்ந்தது என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்தை இலவசமாக்கியது பாதி வெற்றி. அது வாவியைக் கடந்து குடிசை வாசலை அடையும்வரை, குற்றம் நோயாளியுடையதன்று, நம்முடையது.