தலையணை உறை மூடிய முகங்கள்

நியூபவுண்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். நத்தார் முடிந்து மூன்றாம் நாள் இரவு, கரையோரக் கிராமமொன்றில் நண்பர் வீட்டில் இருந்தேன். வெளியே பனிக்காற்று வீட்டையே பெயர்த்துவிடுவதுபோல ஊளையிட்டது. கதவு தட்டப்பட்டது. தலையில் தலையணை உறை மாட்டிய ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வீட்டார் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கோ நாக்கு வறண்டுவிட்டது. சுற்றிவளைப்பில், சாக்கு மூடிய தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நடந்தவன் நான். உங்களில் பலருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இவர்களுக்கு மம்மர்கள் என்று பெயர். இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மீன்பிடிக்க வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த வழக்கம். நத்தாருக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி 6 வரை வீடுவீடாகப் போவார்கள். ஆண்கள் பெண்ணுடையில், பெண்கள் மீனவரின் மழை அங்கியில். முதுகில் எதையாவது திணித்துக் கூனல் வைப்பதும் உண்டு. சின்ன ஊரில் நடையையும் குரலையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதனால் நடையை மாற்றி, மூச்சை உள்ளே இழுத்தபடி பேசுவார்கள். கையுறையையும் கழற்றமாட்டார்கள், மீன் வெட்டிய கையின் தழும்பு ஊருக்கே தெரியும்! வீட்டார் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் முகத்தைக் காட்ட வேண்டும். பிறகு கேக், ஒரு மிடறு ரம்.

மாரியில்தான் இதற்கெல்லாம் நேரம் இருந்தது. கோடை முழுக்கக் கொட் மீனைப் பிடித்து, உப்பிட்டு, உலர்த்தி, பிறகு முதலாளியிடம் கணக்குத் தீர்ப்பார்கள். காசு கைக்கு வருவது அபூர்வம். மாவும் தேயிலையும் கடனுக்குத்தான். படகுகள் கரையேறியபின் அயல்வீடுதான் உலகம். 2020 ஜனவரி 17 அன்று சென் ஜோன்ஸில் ஒரே நாளில் 76 சென்ரிமீற்றர் பனி கொட்டியது. கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர். இந்தக் காலத்திலேயே நகரம் எட்டு நாள் அவசரநிலையில் முடங்கியது என்றால், அந்தக் காலத்துக் குடாக்களை நினைத்துப் பாருங்கள்.

முகமூடிக்கு அங்கேயும் ஒரு கெட்ட சரித்திரம் உண்டு. 1860 டிசம்பர் 28 அன்று பே றொபேட்ஸ் என்ற ஊரில் ஐசக் மேர்சர் என்பவரை முகமூடிக் கும்பலொன்று தாக்கிக் கொன்றது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் முறைத்துக்கொண்டு நின்ற காலம். பகை தீர்க்க நினைப்பவனுக்கு வேடம் வசதிதானே. 1861இல் சட்டம் வந்தது: நீதவானின் எழுத்து அனுமதியில்லாமல் வேடமிட்டால் 20 ஷில்லிங் வரை தண்டம், கட்டாவிட்டால் ஏழு நாள் வரை மறியல். நகர வீதிகளில் ஆட்டம் அடங்கியது. பொலிஸ் எட்டாத ஊர்களின் சமையலறைகளில் பிழைத்துக்கொண்டது. சட்டத்தால் முடியாததைப் பின்னாளில் தொலைக்காட்சியும், 1954க்குப் பின் சிற்றூர்களைக் காலிசெய்த அரசுத் திட்டமும் ஏறக்குறைய செய்து முடித்தன. 1980களில் சிமானி என்ற இருவர் பாடிய மம்மர் பாட்டுத்தான் பழைய ஆசையைக் கிளப்பியது. 2009 முதல் சென் ஜோன்ஸில் மம்மர் விழாவே நடக்கிறது.

அன்றிரவு நான் சுவரோடு ஒட்டி நின்றதை ஐவரில் ஒருவர் கவனித்திருக்கிறார். யாரும் பெயர் சொல்வதற்கு முன்பே உறையை உருவினார். எழுபது வயதிருக்கும், அடுத்த வீட்டுப் பாட்டி. ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாள் என்று மற்ற நால்வரும், மூச்சை உள்ளே இழுத்தபடியே, அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.